கெட்டதுக்கு மட்டும்

தம்பி, இது அப்பா எழுதுவது. பதறாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டி வலி இருக்கிறது, அது ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் மருமகள் பயந்துபோயிருப்பாள், அவளிடமும் சொல்லிவிடு. இதைப் போனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். பேசிப் பார்த்தேன். உன் அக்கா பேச்சை எடுத்த உடனே உனக்கு டவர் போய்விடுகிறது. அரியலூர் முழுக்க எல்லோருக்கும் கிடைக்கிற டவர் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் கிடைப்பதில்லை. கடிதத்தை அப்படி நடுவில் அறுக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான். ஆனால் கிழிக்கிறவன்கூட என்னதான் எழுதியிருக்கிறான் என்று ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டுத்தான் கிழிப்பான். அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணியில் உன் அக்கா மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். நீ வர வேண்டும். தாய்மாமனாக நின்று அவள் நெற்றியில் பட்டம் கட்டி மாலை போட வேண்டும். விஷயம் இவ்வளவுதான். மீதியைப் படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

போன மாதம் உன் வீட்டுக்கு வந்தேன் அல்லவா, அதிலிருந்து தொடங்குகிறேன். பூலாம்பாடியில் பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறி, அரியலூரில் இறங்கி உன் வீட்டுப் படி ஏறும்போது நன்றாக வெயில் வந்துவிட்டது. நீ நைட் டூட்டி முடித்துவிட்டு வந்து படுத்திருந்தாய். என் குரல் கேட்டு எழுந்து வந்தாய். புருவத்தில் சிமெண்டுத் தூசி அப்படியே இருந்தது. குளித்தாலும் போக மாட்டேன் என்கிறது என்று மருமகள் சொன்னாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் மழை பெய்ததா, மக்காச்சோளம் எப்படி நிற்கிறது, முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறேனா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாய். கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். "தேனு கல்யாணத்துக்கு வந்துடுப்பா" என்றேன். நீ டீ டம்ளரைக் கீழே வைத்தாய். "நல்லதுக்கு வேணாம்பா. கெட்டதுக்கு மொத ஆளா வந்து நிப்பேன்" என்றாய். மருமகளுக்கு முகம் செத்துவிட்டது. "ஏங்க, பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது?" என்றாள். நீ அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நம்ம வூட்ல பேசுற பேச்சுதான். அப்பாவுக்குத் தெரியும்" என்றாய். தெரியும்தான். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். கெட்டதுக்கு வருவேன் என்கிறாயே, யாருடைய கெட்டது? உன் அம்மா போய்விட்டாள். சித்தப்பாவும் போய்விட்டான். எனக்கு மூத்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. வரிசையில் அடுத்து நிற்கிறவன் நான்தான். அப்படியென்றால் நீ உன் அக்காவோடு ஒரே பந்தலில் நிற்கப்போவது என்னைத் தூக்குகிற அன்றைக்கு. அதைத்தான் டீ கொடுத்து, என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாய். முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்து, "என்னங்க ஐயா, மேலுக்கு முடியலீங்களா, டிரைவர நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். நான் சிரித்த லட்சணம் அப்படி இருந்திருக்கிறது.

உன் பக்கத்து நியாயத்தையும் நானே எழுதிவிடுகிறேன், அப்பா அக்கா பக்கம் சாய்கிறார் என்று சொல்லாதே. அக்காவும் மாப்பிள்ளையும் பாடாலூரிலிருந்து பழத்தட்டும் பத்திரிகையுமாக உன் வீட்டுக்கு வந்தார்கள். நீ நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தாய். மருமகள் உன்னை எழுப்பப் போனாள். உன் அக்கா, "வேணாம் வேணாம், கண்ணு முழிச்சிட்டு வந்து படுத்திருக்கான், தூங்கட்டும்" என்று தடுத்துவிட்டாள். தட்டை மேசை மேல் வைத்தாள். போட்டு வந்த காபியைக் குடிக்காமல் போய்விட்டாள். எழுந்து பார்த்த உனக்கு ஆத்திரம். "என் கையில வச்சி வாயால அழைக்காம, தூங்குறவன் வூட்ல தட்ட வச்சிட்டுப் போனா அது அழைப்பா?" என்று என்னிடம் போனில் கத்தினாய். அன்றைக்கு மட்டும் டவர் நன்றாக இருந்தது. முறைப்படி பார்த்தால் நீ சொல்வது சரிதான். நம் பக்கத்தில் நல்லதுக்கு ஆளைப் பார்த்து அழைக்க வேண்டும், அழைக்காமல் போகக்கூடாது. கெட்டதுக்கு அழைப்பு கிடையாது, செய்தி காதில் விழுந்தாலே போய் நிற்க வேண்டும். இந்த முறையை எவன் ஏற்படுத்தினானோ, சண்டைக்காரர்களுக்குப் பெரிய சௌகரியம் செய்து வைத்திருக்கிறான். யாரும் யார் வீட்டுப் படியும் ஏற வேண்டாம், யாரும் இறங்கிப் போக வேண்டாம். சும்மா இருந்தால் போதும், எப்படியும் யாராவது செத்துவிடுவார்கள்.

நல்லதுக்கு வேண்டாம், கெட்டதுக்கு வருகிறேன் என்ற அந்தப் பேச்சை நீ புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டாய். நானும் உன் சித்தப்பாவும் பேசிப் பழக்கிவிட்ட பேச்சு அது. நீ தூளியில் கிடந்த வருடம், மழையே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினோம். என் கொல்லையில் சின்ன வெங்காயம் திரளுகிற நேரத்தில் வாட ஆரம்பித்தது. அன்றைக்கு அவன் முறை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பான், அவன் அப்படிப்பட்டவன்தான். தம்பியிடம் போய் என்ன கேட்பது என்று நான் பாட்டுக்கு மோட்டாரைப் போட்டுவிட்டேன். அவன் ஓடி வந்தான். வார்த்தை தடித்தது. மோட்டார் பெட்டியைத் திறந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கிணற்றுக்குள் வீசிவிட்டான். பீஸ் கட்டை என்ன பெரிய சாமானா? பெரம்பலூரில் எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். தூக்கிப் போட்டவன் வாங்கட்டும் என்று நான் இருந்தேன். முறை தப்பி மோட்டாரைப் போட்டவன் வாங்கட்டும் என்று அவன் இருந்தான். உன் அம்மா தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்துக்கூடக் கேட்டாள், "நீங்க வாங்கலன்னா நான் வாங்கியாரேன்" என்று. அவளை அடிக்கப் போனேன். அவன் வீட்டிலும் அதே கூத்துதான். கிணற்றில் தண்ணீர் கிடந்தது, மேலே இரண்டு பேர் வெங்காயமும் கருகியது. நாலு பேர் கூடிப் பஞ்சாயத்துப் பேசினார்கள். அவன் துண்டை உதறிவிட்டு, "இனிமே ஒனக்கும் எனக்கும் நல்லது கெடையாது. கெட்டதுக்கு வேணா வரேன்" என்றான். "நானும் அப்புடித்தான்டா" என்றேன். பஞ்சாயத்துக்காரர்களுக்கு நிம்மதியாகிவிட்டது. கெட்டதுக்காவது இருக்கட்டும் என்று எழுந்து போனார்கள். அவன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, உடையார்பாளையத்தில் மாமனார் வீட்டு முந்திரித் தோப்பைப் பார்க்கப் போய்விட்டான்.

அதற்கப்புறம் நாங்கள் பேச்சு மாறவே இல்லை. அதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அவன் பிள்ளைகளின் காதுகுத்துக்கு நான் போகவில்லை, உன் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. ஆனால் சாவு என்றால் இரண்டு பேரும் தவறியதில்லை. என் அப்பா இறந்தபோது வந்தான், அம்மா இறந்தபோது வந்தான். பெரியப்பா, அத்தை, மாமா என்று யார் போனாலும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவான். துக்க வீட்டு வாசலில் ஆண்கள் வரிசையாக நின்று கை நீட்டுவார்கள், வருகிறவர்கள் தொட்டுவிட்டுப் போவார்கள். அப்படித் தொட்டுக்கொண்டது மட்டும்தான் எங்களுக்குள் மிச்சமிருந்த உறவு. அவன் உள்ளங்கை முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்துக் காய்ந்திருக்கும். பந்தலில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். சுடுகாடு வரைக்கும் ஒன்றாக நடப்போம். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்புவோம். சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிடக்கூடாது, போகும்போது போயிட்டு வரேன் என்று சொல்லவும் கூடாது. அதனால் அத்தனை வருடத்தில் நான் அவனை ஒரு தடவைகூட வாடா என்று கூப்பிட்டதில்லை. அவனும் ஒரு தடவைகூட என்னிடம் சொல்லிக்கொண்டு போனதில்லை. திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கும். சரி, போய்விட்டான் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் அவன் இறந்த செய்தி வந்ததும் அடித்துப் பிடித்து ஓடினேன். உடையார்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முக்கில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனர். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே பட்டு வேட்டி கட்டி, சந்தனப் பொட்டு வைத்து, வாய் நிறைய வெற்றிலையோடு ஒரு மனிதர் சிரிக்கிறார். கண் இடுங்கிப்போகிற அளவுக்குச் சிரிப்பு. அடடா, இந்த ஊரில் இன்றைக்கு இன்னொரு சாவும் விழுந்திருக்கிறது, யாரோ நன்றாக வாழ்ந்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதைத் தாண்டி நடந்தேன். அடுத்த முக்கிலும் அதே பேனர். வெயிலுக்கு அதன் நிழலில் நின்றேன், அப்போதுதான் பேரைப் படித்தேன். என் அப்பாவின் முதல் எழுத்து, அதற்குப் பக்கத்தில் என் தம்பியின் பேர். தம்பி, என் கூடப்பிறந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லையடா. அது அவன் மகள் கல்யாணத்தில் எடுத்த படமாம். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. நான் பார்த்த அவன் முகம் எல்லாம் சாவு முகம். தாடியும் ஈரத் துண்டும் மூடிய வாயுமாகத்தான் அவனை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவன் எப்படிச் சிரிப்பான் என்று அந்த ரோட்டில் நின்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அங்கேயே கீழே உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். செத்தவருக்கு நீங்க என்ன வேணும் என்று கேட்டார். அண்ணன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டு வாசலில் அவன் மகன்கள் கை நீட்டினார்கள். அவன் மகளைக் கட்டியவன் என் பக்கத்தில் நின்றவனிடம் நான் யார் என்று மெதுவாகக் கேட்டான், எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. உள்ளே உன் சின்னம்மா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "ஒங்க மொகத்த பாத்தாலே எம் புள்ளைங்களுக்கு பயம் மாமா. யாரு போயிட்டாங்கன்னுதான் மொதல்ல கேக்கும்ங்க. இன்னைக்கி கேக்கவேண்டிய அவசியமில்லாம பண்ணிட்டுப் போயிட்டாரு." அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். பெரியப்பன் என்றால் பிள்ளைகளுக்கு மடியில் தூக்கி வைத்துக்கொள்கிற ஆளாக இருப்பான். அவள் பிள்ளைகளுக்கு நான் சாவுச் செய்தியாகிவிட்டேன். உனக்கும் அவர்களுக்கும் என்ன பழக்கம் சொல்? பங்காளிகள் நீங்கள், ஒரே வயதுக்காரர்கள், ஒருவன் அரியலூரில் உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை வைத்திருக்கிறான். அன்றைக்குச் சுடுகாட்டில்தான் போன் நம்பர் வாங்கிக்கொண்டீர்கள். பீஸ் கட்டை கிணற்றுக்குள் விழுந்தபோது நீங்கள் யாருமே பேசக்கூட ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் அதை நீங்கள்தான் சுமந்தீர்கள்.

அன்றைக்கு அந்தப் பந்தலில் நான் உன்னையும் பார்த்தேன், உன் அக்காவையும் பார்த்தேன். அவள் பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ என் பக்கத்தில் நின்றாய். அவள் வெயிலில் வந்து மயங்கின மாதிரி சுவரில் சாய்ந்தாள். நீ தண்ணீர் பாட்டிலை எடுத்தாய், இரண்டு எட்டு வைத்தாய், அப்புறம் நின்று வேறு யாரிடமோ கொடுத்து அங்கே கொடுக்கச் சொன்னாய். யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். அவளும் உன் பக்கம் பார்க்காமல் குடித்தாள். நானும் என் தம்பியும் இத்தனை வருடம் செய்ததை நான் வெளியே நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்க்க எவ்வளவு கேவலமாக இருக்கிறது தெரியுமா?

இப்போது உன் அம்மா செத்த அன்றைக்கு வருகிறேன். இதை எழுதாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் நாலு நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன். சிறுநீரகம் கெட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, உன் அம்மா பாடாலூரில் அக்கா வீட்டில் கிடந்தாள். நீ லீவு கிடைத்தபோதெல்லாம் வந்தாய். அன்றைக்கு விடியற்காலையில் மூச்சு கொஞ்சம் வேகமானது. அக்கா உனக்குப் போன் போட்டாள். நீ அப்போதுதான் நைட் டூட்டி முடித்து வந்திருந்தாய். "இப்பவே பொறப்படவா?" என்று கேட்டாய். "அவசரம் இல்லடா, தூங்கி எந்திரிச்சி சாயங்காலம் வா. தூக்கக் கலக்கத்துல வண்டி ஓட்டாத" என்றாள். உச்சி வெயிலுக்குள் அம்மா போய்விட்டாள். நீ வந்து சேர்ந்தபோது நெற்றியில் காசு வைத்திருந்தார்கள். "அம்மா மொகத்த உசுரோட பாக்க வுடாம பண்ணிட்டியேடி" என்று பிணத்துக்கு முன்னால் அவளைக் கை ஓங்கிக்கொண்டு போனாய். அவளும் சும்மா இருக்கவில்லை. "மாசக்கணக்கா பீயும் மூத்திரமும் அள்ளுனது நானு. மொகம் பாக்க மட்டும் தொர வந்துட்டாரு" என்றாள். ஊரே பார்த்தது. இரண்டு பேரும் பேசியது தப்பு, இரண்டு பேருக்கும் வலித்தது நிஜம். கருமாதி முடிந்த அன்றைக்கு நீ அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாய். நல்லதுக்கு வேண்டாம், கெட்டதுக்கு வருகிறேன்.

அவள் கணக்கு தப்பிவிட்டது, அவ்வளவுதான். சாயங்காலம் வரைக்கும் தாங்கும் என்று நினைத்தாள். தாங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நானும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் போனில் அப்படிச் சொன்னபோது என் காதிலும் விழுந்தது. எனக்கும் சாயங்காலம் வரை ஒன்றும் ஆகாது என்றுதான் தோன்றியது. நான் ஏன் அந்தப் போனை வாங்கி உன்னை வரச் சொல்லவில்லை என்று நீ என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே, ஏன்? அப்பன் மேல் கோபப்பட்டால் போய் நிற்க ஒரு வீடு இல்லாமல் போய்விடும். அக்கா மேல் கோபப்பட்டால் ஒன்றும் நஷ்டமில்லை என்று நினைத்துவிட்டாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், தம்பிதானே என்று.

நீ தூளியில் கிடந்த அந்த வருடம் உன் அக்காவுக்கு ஏழு வயது. உன் அம்மா வெங்காயத் தாள் அறுக்கப் போவாள். கொல்லையில் வேப்ப மரத்தில் தூளி கட்டி உன்னைப் போட்டுவிட்டு, தூளியிலிருந்து ஒரு கயிற்றை இழுத்து அக்காவின் கால் கட்டைவிரலில் கட்டிவிடுவாள். அக்கா உட்கார்ந்து வெங்காயம் அறுத்துக்கொண்டே காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். கயிறு அறுத்து விரலில் காய்ப்பு விழுந்தது. இப்போதும் இருக்கிறது, செருப்புப் போடும்போது பார்த்தால் தெரியும். யாராவது சத்தமாகப் பேசினால், "தம்பி தூங்குறான்" என்று அதட்டுவாள். பெரிய மனுஷர்களை எல்லாம் அதட்டியிருக்கிறாள். அம்மா சாகக் கிடந்த அன்றைக்கும் அவள் உன்னைத் தூங்கச் சொன்னாள். பத்திரிகை வைக்க வந்த அன்றைக்கும் உன்னை எழுப்பவிடவில்லை. நீ இரண்டையும் அவமானம் என்று எடுத்துக்கொண்டாய். உன்மேல் உள்ள பாசத்தைக் காட்ட அவளுக்கு வேறு வழி தெரியாது. உன் தூக்கத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஏழு வயதிலிருந்து அவள் செய்த வேலை. தப்பான இரண்டு நேரத்தில் அதைச் செய்துவிட்டாள்.

அவள் மட்டும் சாமானியப்பட்டவள் இல்லை. திமிர் பிடித்தவள், என் ரத்தம். அந்தக் காபியைக் குடித்துவிட்டு, நீ எழுகிற வரை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன? கேட்டேன். "நான் ஒக்காந்திருக்கறத பாத்துட்டு அவன் திரும்பிப் படுத்துக்கிட்டான்னா?" என்றாள். அவளுக்கும் பயம்தான். உறவுக்காரர்கள், சித்தப்பா மகனை மாமன் முறைக்கு நிறுத்திப் பட்டம் கட்டச் சொல்லிவிடலாம், அதற்கென்ன என்றார்கள். அவள் கத்திய கத்தலில் பாடாலூர் ரோட்டில் போகிற லாரிக்காரன் பிரேக் போட்டிருப்பான். "யாரும் நிக்க வேணாம். அவன் வரலன்னா மால தாம்பாளத்துலயே கெடக்கட்டும். பட்டம் இல்லாத நெத்தியோட எம் பொண்ணு மணவறைக்குப் போவா" என்றாள். மாப்பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தார். தேனு எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தது? அவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது நீ. ஊரே பார்க்க வெறும் நெற்றியோடு அவள் நடந்து போவாள், அவள் பின்னால் நான் நடக்க வேண்டும்.

என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஆறுதல் சொல்கிறார்கள். "கவலப்படாதீங்க, ஒங்க காலத்துக்கப்புறம் ரெண்டும் சேந்துக்கும்ங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் சந்தோஷப்பட வேண்டுமாம். நான் செத்துச் சேர்ந்து யாருக்கு லாபம்? பார்க்க நான் இருக்க மாட்டேனே. அதோடு, அப்படிச் சேர மாட்டீர்கள். அம்மா பிணத்துக்கு முன்னால் சேராதவர்கள் என் பிணத்துக்கு முன்னால் சேர்ந்துவிடுவீர்களா? கை நீட்டுவீர்கள், தொடுவீர்கள், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவீர்கள். அப்புறம் அடுத்த சாவுக்குக் காத்திருப்பீர்கள். உன் அம்மா சாவுக்கு வந்த சித்தப்பா, நீங்கள் சண்டை போட்டதைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது முதல் தடவையாக என்னிடம் வாயைத் திறந்தான். சொல்லிக்கொண்டு போகக்கூடாது, அதனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "அண்ணே, புள்ளைங்கள நம்மள மாரி வுட்றாதண்ணே." அண்ணே என்று அவன் கூப்பிட்டதைக் கேட்டு எத்தனை வருடம். நான் பதில் சொல்வதற்குள் நடந்துவிட்டான். அடுத்த தடவை பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த தடவை பேனரில்தான் பார்த்தேன்.

ஆகவே முறைப்படி நான் அழைக்கிறேன். பெண்ணின் தாத்தா நான், எனக்கு அந்த உரிமை இருக்கிறது. இந்தக் கடிதத்தை மருமகளிடம் கொடுத்து ஒரு தட்டில் வைக்கச் சொல்லி, குளித்துவிட்டு வந்து கையில் வாங்கிக்கொள். உன் அக்கா மன்னிப்புக் கேட்க மாட்டாள், நீயும் கேட்க வேண்டாம். இரண்டு பேரும் பழையதைப் பேச ஆரம்பித்தால் மண்டபம் தாங்காது. மாலையைப் போடு, பட்டத்தைக் கட்டு, போதும். யார் முதலில் பேசுவது என்று அங்கே நின்று யோசிக்காதே. பீஸ் கட்டையை யார் வாங்குவது என்று யோசித்த ஆள் நான், கருகினது என் வெங்காயம் மட்டுமில்லை.

இன்னும் ஒரு விஷயம். எனக்கும் ஒரு நாள் நீ பேனர் வைப்பாய். பூலாம்பாடி முக்கில் நீ ஒன்று வைப்பாய், பாடாலூரில் மாப்பிள்ளை அதைவிடப் பெரிதாக ஒன்று வைப்பார். என்ன படம் போடுவாய்? உன் அம்மா போனதிலிருந்து நான் படம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆதார் அட்டையில் இருப்பது களவாணி முகம், அதைப் பெரிதாக்கி மாட்டினால் குழந்தைகள் அந்த வழியே போகாது. கல்யாணத்துக்கு வா. போட்டோக்காரர் இருப்பார். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அக்கா, நடுவில் நான் நிற்கிறேன். அன்றைக்கு நான் சிரிப்பேன், அதற்கு நான் பொறுப்பு. அந்தப் படத்தில் உங்கள் இரண்டு பேரையும் வெட்டிவிட்டு என்னை மட்டும் எடுத்துக்கொள். என் தோள் மேல் உங்கள் கைகள் இருந்தால் அதை மட்டும் வெட்டாதே.

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நான்தான் நிற்பேன். உன்னைப் பார்த்ததும் வாப்பா என்று கூப்பிட வேண்டும், அதற்குத்தான் அங்கே நிற்கப்போகிறேன். இருந்து சாப்பிடு. கிளம்பும்போது என்னிடமும் உன் அக்காவிடமும் போயிட்டு வரேன் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போ. அதற்கடுத்து நீ என் வீட்டுக்கு வருகிற அன்றைக்கு அந்த வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது.

அப்பா